பர்கர் கேட்ட பூனை: ஒரு திணைமயக்க ஆய்வு

1. முன்னுரை

ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்பது முதுமொழி. பூனையின் காலம் 2007 ஜனவரியில் வந்தது. ஆனையின் காலம் எப்போது வந்து போயிற்று என்பது இவ்வாய்வின் எல்லைக்குள் அடங்காது.

ஆய்வுப் பொருள் ஒரு படம். அதில் சாம்பல் நிறப் பூனை ஒன்று, பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் இனம். குழிப்பணியாரம் போல உப்பிய முகம். கண்கள் அகன்று, வாய் திறந்து நம்மையே பார்க்கிறது. மாமியார் வீட்டுப் பந்தியில் இன்னொரு கரண்டி பாயசம் கேட்கலாமா, கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று தவிக்கும் புதுமாப்பிள்ளையின் முகம் அது. படத்தின்மேல் ஒரு வாசகம். அந்த வாசகமே இவ்வேட்டின் மூலபாடம்.

கருதுகோள் இது: இப்படங்களில் கேட்பது பூனை அன்று. கேட்கக் கூச்சப்பட்ட மனிதர் யாரோ பூனையை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்கிறார்.

2. மூலமும் உரையும்

மூலம்: "ஐ கேன் ஹேஸ் சீஸ்பர்கர்?"

இதன் பொருள்: எனக்கு ஒரு சீஸ்பர்கர் கிடைக்குமா என்றவாறு.

விரிவுரை: 'கேன்' என்னும் துணைவினைக்குப் பின் 'ஹேவ்' வருவதே ஆங்கில மரபு. இங்கே 'ஹேஸ்' வந்தது. 'ஹேஸ்' படர்க்கை ஒருமைக்கு உரியது. பூனையோ 'ஐ' என்று தன்மையில் தொடங்கிவிட்டது. ஆகவே இடவழு. வினாத் தொடரில் 'கேன்' முன்னே வரவேண்டும், வரவில்லை. கேள்விக்குறி ஒன்றை வாலாக ஒட்டியதோடு பூனை தன் கடமையை முடித்துக்கொண்டது. ஆகவே வினாவழு. 'சீஸ்' என்பதில் 'எஸ்' நிற்க வேண்டிய இடத்தில் 'இசட்' நிற்கிறது. ஏடு பெயர்த்தோர் பிழையோ எனின், அன்று. எத்தனையோ பேர் எடுத்தெழுதியும் ஒருவரும் திருத்தவில்லை. எல்லோரும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி செய்யும் பிழைக்கு இலக்கணம் என்று பெயர்.

தமிழில் பெயர்த்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். "நான் பர்கர் தின்னுமா?" எழுவாய் தன்மை, பயனிலை அஃறிணை. அதாவது, எழுவாயில் மனிதர் உட்கார்ந்திருக்கிறார், பயனிலையில் பூனை உட்கார்ந்திருக்கிறது. நமது கருதுகோளுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பேசாதவற்றைப் பேசுவன போலச் சொல்லலாம் என்று நன்னூலார் எப்போதோ அனுமதி கொடுத்துவிட்டார். ஆகவே இது வழு அன்று, வழுவமைதி.

3. முன்னோர்

இத்தகைய ஆய்வுகளில் 'எல்லாம் நம்மிடமிருந்து போனதே' என்று நிறுவுவது மரபு. மரபை மீறுவானேன்? மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் முன்னங்கால்களை உயரத் தூக்கித் தவம் செய்யும் பூனை ஒன்று நிற்கிறது. அதை நம்பிய எலிகள் காலடியில் நிற்கின்றன. படம் உண்டு, வாசகம் இல்லை. கம்பரோ தம் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனையோடு தம்மை ஒப்பிட்டார். வாசகம் உண்டு, படம் இல்லை. இரண்டையும் ஒட்ட ஒரு பசை டப்பா கிடைக்காததால் உரிமை நம் கையைவிட்டுப் போயிற்று.

ஒட்டியவர் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்துப் புகைப்படக்காரர் ஹாரி பாயின்டர். 1870-களில் அவர் பூனைகளைப் படம் எடுக்கத் தொடங்கினார். முதலில் பால் குடிக்கும் பூனை, கூடையில் தூங்கும் பூனை என்று இயல்பானவை. பிறகு பூனை மூன்று சக்கர வண்டி ஓட்டியது, சக்கரச் செருப்பு மாட்டிச் சறுக்கியது, பூனையே இன்னொரு பூனையைப் படம் எடுத்தது. 1884-க்குள் ஏறத்தாழ 200 படங்கள். பல படங்களில் அவர் ஒரு வரி எழுதினார்: புத்தாண்டு வாழ்த்து, பிறந்தநாள் வாழ்த்து, இப்படி. வெறும் பூனை, பார்த்துவிட்டு வைத்துவிடும் படம். வாழ்த்துச் சொல்லும் பூனை, காசு கொடுத்து வாங்கி இன்னொருவருக்கு அனுப்பும் அட்டை.

1905-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு தபால் அட்டையில், ஆடை உடுத்திய பூனை மேசையெதிரே அமர்ந்திருக்கிறது. சாப்பாடு வர ஏன் இவ்வளவு நேரம் என்பது அதன் வாசகம். அந்தச் சாப்பாடு வந்து சேரவில்லை போலும். 102 ஆண்டுகள் கழித்துப் பூனை பர்கர் கேட்டது.

4. பரவல்

ஃபோர்சான் என்னும் தளத்தில் சனிக்கிழமைதோறும் பூனைப்படம் போடும் வழக்கம் 2007-க்கு முன்பே இருந்தது. 'சாட்டர்டே'யின் தலையில் பூனையை ஏற்றிக் 'கேட்டர்டே' என்றார்கள். எள்ளும் எண்ணெயும் கொண்டு சனியை வணங்கும் நமக்கு, ஒரு கிழமையை ஒரு பிராணிக்கு நேர்ந்துவிடுவது புதிதன்று.

நமது மூலபாடம் புகழடைந்த வரலாறு கவனிக்கத்தக்கது. ஹவாயில் எரிக் நகாகாவா என்பவர் மனம் சோர்ந்திருந்தார். அவருடைய தோழி காரி உனெபாசாமி, ஆறுதலாக இந்தப் படத்தை அனுப்பினார். "கவலைப்படாதே" என்று எழுதி அனுப்பவில்லை என்பதைக் குறித்துக்கொள்க. இருவரும் அந்த வாசகத்தின் பெயரிலேயே, இசட் உட்பட, ஒரு தளம் தொடங்கினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பென் ஹு தலைமையிலான முதலீட்டாளர்கள் அதை ஏறத்தாழ 20 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். பூனைக்குப் பர்கர் கொடுத்ததாகப் பதிவு இல்லை.

மொழி ஒன்று நிலைபெற்றதற்கு அறிகுறி, அதில் மறைநூலும் கணினி நிரலும் தோன்றுவது. பூனைமொழிக்கு இரண்டும் 2007-லேயே வாய்த்தன. விவிலியத்தைப் பூனைமொழியில் பெயர்க்கப் பலர் கூடினர். அதில் இறைவனுக்குக் 'கூரைப் பூனை' என்று பெயர். 'லால்கோட்' என்ற கணினி நிரல்மொழியும் பிறந்தது. அதில் நிரல் 'ஹாய்' என்று தொடங்கி, 'சரி, நன்றி, வரட்டுமா' என்னும் பொருள்படும் ஒரு சொல்லில் முடியும். நம் அலுவலகங்களில் பல கோப்புகளுக்கு இத்தகைய தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை.

5. எழுத்தியல்

பூனைப்படங்களில் பெரும்பாலும் காணப்படும் தடித்த வெள்ளை எழுத்து, 'இம்பாக்ட்'. ஜெஃப்ரி லீ வடிவமைக்க, 1965-இல் ஷெஃபீல்டின் வார்ப்பகம் ஒன்று உலோக அச்செழுத்தாக வெளியிட்டது. சுவரொட்டியில் தூரத்திலிருந்து கத்துவதற்காகப் பிறந்த எழுத்து. பின்னாளில் விண்டோஸோடு சேர்ந்து கணினிகளில் குடியேறியது. பூனை மெல்லப் பேசும், எழுத்து கத்தும்.

நாயின் எழுத்து வேறு. 1994-இல் மைக்ரோசாஃப்டில் பணியாற்றிய வின்சென்ட் கானாரே, ஒரு மென்பொருளில் கேலிச்சித்திர நாய் ஒன்று டைம்ஸ் நியூ ரோமனில் பேசுவதைக் கண்டார். நாளிதழ்த் தலையங்கத்தின் எழுத்தில் நாய் பேசலாமா? அதற்காகவே 'காமிக் சான்ஸ்' என்ற எழுத்தை வரைந்தார். அந்த மென்பொருள் வெளியானபோது எழுத்து தயாராகவில்லை. நாய் தலையங்கமாகவே குரைத்துக்கொண்டு போயிற்று. எழுத்தோ பள்ளி அறிவிப்பிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அலைந்து, 2013-இல் ஒரு ஜப்பானிய நாயிடம் வந்து சேர்ந்தது. 'கபோசு' என்னும் ஷிபா இனு அது; சகுரா நகரத்து மழலையர் பள்ளி ஆசிரியை ஒருவர் 2010-இல் எடுத்த படம். முகத்தைச் சுற்றிலும் 'வாவ்' முதலான சொற்கள் காமிக் சான்ஸில் சிதறின. நாய்க்காகப் பிறந்த எழுத்து நாயைக் கண்டடைய 19 ஆண்டுகள் ஆயின. அதே ஆண்டு டிசம்பரில் அந்த முகத்தை வைத்து, விளையாட்டாக, 'டோஜ்காயின்' என்ற மெய்நிகர் நாணயமும் வந்தது. 2024 மே மாதம் கபோசு இறந்தது. நாணயம் இருக்கிறது.

6. மறுப்பும் விடையும்

பூனை அழகு, ஆகவே படம் பரவிற்று, இதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி என்பாரும் உளர். அழகே காரணமாயின் வெறும் படம் போதுமே. பாயின்டர் ஏன் பேனாவை எடுத்தார்?

மேலும், காலை ஐந்தரை மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் பூனைக்குட்டியைப் பாருங்கள். அருகே ரோஜாப்பூ, மேலே 'இனிய காலை வணக்கம்'. அனுப்புபவர் பெரியப்பா. வயல் வரப்புத் தகராறில் சித்தப்பாவோடு அவர் பேச்சை நிறுத்தி இரண்டு பொங்கல் ஆயிற்று. குழுவில் சித்தப்பாவும் இருக்கிறார். "எப்படிடா இருக்கே" என்று கேட்க வாய் வரவில்லை. பூனைக்குட்டி போய்க் கேட்கிறது. அரை மணி கழித்துச் சித்தப்பாவிடமிருந்து ஒரு நாய்க்குட்டி வருகிறது.

7. முடிவுரை

பிரைட்டன் பூனை வாழ்த்தவில்லை. ஹவாய்க்கு வந்த பூனை ஆறுதல் சொல்லவில்லை. சாம்பல் பூனை பர்கரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. பர்கரில் வெங்காயம் இருக்கும். வெங்காயம் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகை உண்டாக்கும். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

ஆகவே படத்திலுள்ள பூனை என்ன கேட்டாலும், வீட்டிலுள்ள பூனைக்குப் பர்கர் வைக்காதீர்கள். உங்களுக்கு வேண்டுமானால், தயங்காமல் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.