மச்சானின் ஏணி

2008 மலேசியப் பொதுத் தேர்தலின்போது என் மச்சானிடம் ஒரு மர ஏணியை இரவல் வாங்கினேன். "பல்பு மாத்தணும்" என்று சொல்லி வாங்கியது என் தப்புதான். பினாங்கு டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுக்கு எதிரே எதிர்க்கட்சியின் ராக்கெட் கொடி கட்டுவதற்காக என்று சொல்லியிருந்தால் தந்திருக்க மாட்டார். மச்சான் பரம்பரைத் தராசுக்காரர், ஆளுங்கூட்டணியின் சின்னம் அது. மார்ச் 8 இரவு பினாங்கில் ஆட்சி கவிழ்ந்தது. தன் ஏணியில் ஏறித்தான் தன் கட்சியைக் கவிழ்த்துவிட்டேன் என்று அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். பேசாதவரிடம் ஏணியை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

2018 மே 9 வந்தது. எந்த மகாதீரைத் திட்டித் திட்டி நான் எதிர்க்கட்சிக்காரன் ஆனேனோ, அதே மகாதீர் 92 வயதில் எங்கள் அணியின் பிரதமர் வேட்பாளர்! "உண்டி ரோசாக்தான்பா, செல்லாத ஓட்டுப் போடப் போறேன்" என்றான் மகன். ஒரு மணி நேரம் உட்கார வைத்து ஜனநாயகம் போதித்தேன். வாக்குச்சீட்டில் ராக்கெட்டைத் தேடினால் பொதுச் சின்னமாகக் கண் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கண்ணுக்கு நேரே பெருக்கல் குறி போட்டேன். ஜெயித்தோம்.

எங்கள் ஆட்சி ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லக்கூடாது. 2019 ஜனவரி 1 முதல் பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை. முந்தின மாதம்தான் என் மோட்டாரை விற்றிருந்தேன்.

2020 பிப்ரவரியில், நான் தேர்ந்தெடுத்த ஆட்சி பெட்டாலிங் ஜெயாவிலுள்ள ஷெரட்டன் ஹோட்டலில் ஓர் இரவுச் சாப்பாட்டோடு செரித்துப் போனது. அடுத்து முஹிடின், அவருக்குப் பின் இஸ்மாயில் சப்ரி. பேரங்காடியில்கூட ஒன்று வாங்கினால் ஒன்றுதான் இலவசம். எனக்கு ஒரே ஓட்டில் மூன்று பிரதமர்கள். அதிலும் மூன்றாமவர் மச்சானின் தராசுக் கூட்டணியைச் சேர்ந்த அம்னோக்காரர். மச்சான் விரலில் மை காயுமுன் அவர் கூட்டணி இழந்த பதவியை, என் ஓட்டே சுற்றிக்கொண்டு போய் அவர் வீட்டில் இறக்கி வைத்துவிட்டது.

2022 நவம்பர் 19. இந்த முறை செல்லாத ஓட்டு என்று நானே முடிவு செய்தேன். வீட்டில் பழைய காலண்டர் தாளில் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டுப் பயிற்சிகூட எடுத்தேன். மகன் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தான், அவ்வளவுதான். ஆனால் மறைவுக்குள் போய்ப் பேனாவை எடுத்ததும் கை தானாகப் பழைய இடத்துக்கே போய்விட்டது. மாடு விற்ற பிறகும் வண்டிக்காரன் "ஹை ஹை" என்பானே, அந்தப் பழக்க தோஷம். 222 தொகுதியில் பெரும்பான்மைக்கு வேண்டிய 112 யாருக்கும் கிடைக்கவில்லை. ஐந்து நாள் காத்திருந்து பார்த்தால், நவம்பர் 24 அன்று எங்கள் அணியின் அன்வார் பிரதமராகப் பதவியேற்கிறார், பக்கத்திலேயே தராசு!

பதினான்கு வருஷம் நானும் மச்சானும் கல்யாண வீட்டில் எதிரெதிர் மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டதற்கு யார் கணக்குக் கொடுப்பது?

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலத் தேர்தல். வாசலில் மச்சான் நின்றார்.

"மாப்பிள, ஏணி இருக்கா?"

"இருக்கு மச்சான். ஒரு படி உளுத்துப் போச்சு."

"பரவால்ல. ரெண்டு கொடியையும் சேர்த்துக் கட்டணுமாம். பிடிங்க, நான் ஏறுறேன்."

பிடித்தேன். மேலே போனவர் குனிந்து, "எந்தக் கொடி மேல வரணும்?" என்றார்.

"எது வேணும்னாலும் வரட்டும் மச்சான். முடிச்சை மட்டும் இறுக்கிப் போட்டுடாதீங்க."