வெளிச்சத்தில் பார்ப்பவர்

நகைக் கடைக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் கண்ணாடிப் பெட்டியைப் பார்ப்பார்கள். இவர் வாசலைப் பார்ப்பார். வாசல் எந்தத் திசை, எதிர்க் கட்டடம் எத்தனை மாடி, சன்ஷேடு எவ்வளவு நீளம், வெயில் படியோடு நிற்கிறதா, படியேறி உள்ளே வருகிறதா என்று கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் உட்காருவார். உட்கார்ந்ததும் கேட்பது ஒன்றுதான்: “பழைய நீலக்கல் மோதிரம் ஏதும் வந்துச்சா தம்பி?”

புதுசு அவருக்கு ஆகாது. “புதுசுல கல்லுக்குக் காசு, செய்கூலிக்குக் காசு, சேதாரத்துக்குக் காசு. பழசுன்னா கல்லு இனாம்” என்பது அவர் சித்தாந்தம். அதில் நியாயம் இல்லாமலில்லை. அவசரத்துக்கு மோதிரத்தை விற்க வருகிறவருக்கு நம் ஊர்க் கடைகளில் கல் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும்தான் பணம் தருவார்கள். தாத்தா ஆசை ஆசையாக இலங்கை ரத்தினபுரி நீலத்தைப் பதித்திருந்தாலும் தராசுக்கு அது கழிக்க வேண்டிய எடை. அப்படிக் கழிபட்ட கல் ஒன்று எங்கேயோ ஒரு கடையின் இழுப்பறையில் தமக்காகவே உட்கார்ந்திருக்கிறது என்று நம்புகிறார். நம்பட்டும். தேடட்டும். அதற்கு எதற்குக் கூட ஓர் ஆள்?

வேண்டும். ஆள் இல்லாமல் அவரால் மோதிரம் பார்க்கவே முடியாது. எப்படி என்று சொல்கிறேன்.

மோதிரத்தை வாங்கி உள்ளங்கையில் வைப்பார். ஒரு தடவை ஊதுவார். பூதக்கண்ணாடியை எடுத்துச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி பைக்குள்ளேயே போட்டுக்கொள்வார். அப்புறம் அண்ணாந்து, கூரையில் வரிசையாக எரிகிற விளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார், ஏதோ அவற்றின் பூர்வோத்தரம் தெரிந்தவர் போல. “உங்க லைட்டுல கூழாங்கல்லு கூட மின்னும். வெளிய வெளிச்சத்துல ஒரு தடவ பாத்துட்டு வந்துரட்டா?”

கடைக்காரர் ஒரு நிமிடம் யோசிப்பார். மோதிரத்தோடு ஒரு மனிதரைத் தெருவுக்கு அனுப்ப எந்தக் கடைக்காரருக்கு மனசு வரும்? ஆனால் வயதான மனிதர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. “பாருங்கண்ணே. டேய், அண்ணன் கூடப் போடா. மச்சான் இங்கயே உக்காரட்டும்.”

மோதிரம் வெளியே போகும். மைத்துனன் உள்ளே இருப்பான். அடகுக் கடைகளில் வட்டியில்லாமல் வைக்கப்படுகிற ஒரே பொருள் இந்த மைத்துனன்தான். மைத்துனன் என்று பொதுவாகத்தான் சொல்கிறேன்.

இனி நடப்பதைக் கண்ணாடிக் கதவு வழியாகத்தான் பார்க்க முடியும். முதலில் படியில் நிற்பார். படியில் சன்ஷேடு நிழல். ஓரடி இறங்குவார். அங்கே விளம்பரப் பலகையின் மஞ்சள் மோதிரத்தில் அடிக்கும். இன்னும் ஓரடி. அங்கே நேர் வெயில், அதுவும் கூடாது: “நேர் வெயில்ல எந்தக் கல்லும் பொய் சொல்லும்.” கடைசியில் வெயிலுக்கும் நிழலுக்கும் நடுவே ஒரு கோட்டைப் பிடித்து, தெருவில் பாதி ஆளும் ஓரத்தில் பாதி ஆளுமாக நின்று, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் மோதிரத்தைப் பிடித்துக் கையை நீட்டுவார். கை நீண்டதும் ஒரு ஆட்டோ வந்து நிற்கும். “பெரியார் பஸ் ஸ்டாண்டா சார்?” “போகலப்பா, கல்லு பாக்குறேன்.” ஆட்டோக்காரரும் எட்டிப் பார்ப்பார். பக்கத்தில் பழம் விற்கிறவரும் பார்ப்பார். கூடப் போன கடைப் பையன் மட்டும் மோதிரத்தைப் பார்க்க மாட்டான். அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருப்பான், ஓடினால் பிடிக்க.

அவர் ஓட மாட்டார். நகரவே மாட்டார். மேகம் விலகட்டும் என்பார். விலகியதும், கொஞ்சம் மூடட்டும் என்பார். திருப்புவார், சாய்ப்பார், ஒரு கண்ணை மூடுவார், பிறகு அந்தக் கண்ணைத் திறந்து மற்றதை மூடுவார். உள்ளே கடைக்காரர் என்னிடம், அதாவது மைத்துனனிடம், “சார் காபி சாப்புடுறீங்களா?” என்று கேட்பார். இரண்டாவது தடவை போனால் கேட்க மாட்டார்.

சரியான வெளிச்சம் என்று அவர் ஒத்துக்கொள்வது காலை பத்திலிருந்து பதினொன்று வரை, வடக்கு வானத்திலிருந்து வருகிற வெளிச்சத்தை மட்டும். உச்சி வெயில் நிறத்தை வெளுப்பாக்கும், சாயங்கால வெயில் சிவப்பு ஏற்றும். சித்திரையில் கூசும், ஐப்பசியில் சூரியனே வராது. தையும் மாசியும்தான் தேறும். தையிலும் மாசியிலும் முகூர்த்தக் கூட்டம் நெரியும்; எந்தக் கடைக்காரரும் மோதிரத்தை வெளியே விட மாட்டார். ஆக, வருஷம் முழுக்க அலையலாம், வாங்க ஒரு நாள் கூடக் கிடையாது. மதுரை தெற்காவணி மூல வீதியில் அவர் தெற்கு வரிசைக் கடைகளுக்கு மட்டும்தான் போவார், அவற்றின் வாசல்தான் வடக்குப் பார்த்தது. அங்கே அவரை வாஸ்து பார்க்கிறவர் என்று நினைத்துக் கல்லாவை எந்த மூலையில் வைக்கலாம் என்று யோசனை கேட்ட கடைக்காரர் ஒருவர் உண்டு. அதற்கும் அவர் வெளியே வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

பட்டுப் புடவையை வாசலில் பிரித்துப் பார்க்கிற பெண்களை நாம் எவ்வளவோ கேலி செய்திருக்கிறோம். அவர்கள் ஐந்து நிமிடம் பார்ப்பார்கள், பில் போடுவார்கள், வீட்டுக்குப் போவார்கள்.

எரிச்சலை இன்னும் கூட்டுவது, அவர் சொல்வது தப்பில்லை என்பதுதான். குண்டு பல்ப் வெளிச்சத்தில் நீலம் மைக்கறுப்பாகத் தெரியும். பெட்டிக்குள் வைக்கிற வெள்ளை விளக்கில் எல்லாக் கல்லும் துள்ளும். இலங்கையில் பேருவளைச் சந்தையில் தெருவில் நின்று பகல் வெளிச்சத்தில்தான் கல்லைக் கை மாற்றுகிறார்கள். இதை அவர் ஒவ்வொரு கடைக்காரரிடமும் சொல்வார். “பேருவளையில பாத்துட்டு வாங்குவாங்கண்ணே” என்று ஒருவர் மட்டும் திருப்பிச் சொன்னார். அந்தக் கடைக்கு அதன் பிறகு போகவில்லை.

நம் பக்கத்துப் பழைய மோதிரங்களில் வேறொரு வம்பு உண்டு. பலதும் குளோஸ் செட்டிங். கல்லின் அடிப்பக்கத்தைத் தங்கத்தால் மூடி, உள்ளே அரக்கு நிரப்பி, கல் எடுப்பாகத் தெரியப் பின்னால் பளபளப்பான தகடு வைத்துக் கட்டியிருப்பார்கள். எந்த வானத்தின் கீழே நின்றாலும் வெளிச்சம் கல்லின் மறுபக்கம் போகாது. இவரிடம் அது பலிக்குமா? “பத்தர்ட்ட குடுத்துக் கல்லக் கழத்திக் காட்டுங்களேன்” என்பார். “கழத்துனா அப்புறம் அது பழைய மோதிரமாண்ணே?” என்று கடைக்காரர் அழாத குறையாகக் கேட்பார். அது தம் கவலை இல்லை என்பது போல இவர் வாசலைப் பார்ப்பார்.

மற்றபடி, ராசிக்கல்லில் எனக்கு நம்பிக்கையே கிடையாது, அழகுக்காகத்தான் தேடுகிறேன் என்பார். சனிக்கிழமை மட்டும் நீலத்தைத் தொட மாட்டார். உலக விவகாரமும் தெரியும். 1981இல் டயானா தேர்ந்தெடுத்த நிச்சயதார்த்த மோதிரத்தில் இருப்பது 12 காரட் இலங்கை நீலம், 2010இல் அது மருமகள் கைக்கு வந்தது என்று சொல்லிவிட்டு, “லண்டன்ல ஏது மாப்ள வெயிலு? எப்படித்தான் பாத்து எடுத்துச்சோ அந்தப் பிள்ள” என்று உண்மையாகவே வருத்தப்படுவார்.

மாப்ள என்றா எழுதிவிட்டேன்? சரி, மறைத்து என்ன ஆகப் போகிறது. இதைப் படித்துவிட்டு அக்கா ஃபோன் செய்தால் செய்யட்டும்.

அத்தானை எனக்குப் பிடிக்கும். ஒரு நாள் என்னைப் பிணையிலிருந்து விடுவித்து வெளியே கூப்பிட்டார். ஓப்பன் செட்டிங்கில் ஒரு முட்டை வடிவ நீலம். மேலிருந்து பார்த்தால் கல் முழுக்க ஒரே நீலம். மோதிரத்தைப் பக்கவாட்டில் திருப்பினார். கல் ஏறக்குறைய வெள்ளை. அடிமுனையில் மட்டும் ஒரு பொட்டு நீலம். “பாத்தியா மாப்ள? கல்லுல இருந்த நிறமே அவ்வளவுதான். அத எங்க வச்சா மேல பூரா ஏறும்னு பாத்து அடியில நிறுத்திருக்கான் வெட்டுனவன். எந்த ஊருக்காரனோ, மகராசன்.” இலங்கைக் கல்லில் இப்படி வெட்டுவது பழைய வழக்கம், அதற்காகவே அடிப்பக்கத்தைக் கனமாக விடுவார்கள். ஆட்டோ ஹாரன், கடைப் பையன், வியர்வை எல்லாவற்றையும் மறந்து நானும் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாங்கிவிடுவார் என்றே நினைத்தேன். “அடிப்பக்கம் கனம் சாஸ்தி. கல்லுல பாதி கண்ணுக்கே வரல” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இதுவரை எழுதியதெல்லாம் சிரிக்கத்தான். இனிச் சொல்வது சிரிக்க இல்லை.

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் ஒரு ஆச்சி, எண்பது வயதுக்கு மேல் இருக்கும். விரலில் பழைய நீலக்கல் மோதிரம். அத்தானுக்குப் பாயசம் இறங்கவில்லை. “எங்க வாங்குனது ஆச்சி?” “எங்க அப்பச்சி ரங்கூன்லேருந்து கொண்டாந்தது.” கையைக் கழுவிவிட்டு வந்து மோதிரத்தைக் கேட்டார். ஆச்சியும் பெருமையாகக் கழற்றிக் கொடுத்தார். மண்டப வாசல், பகல் பன்னிரண்டு மணி. அன்றைக்குப் பார்த்துப் பூதக்கண்ணாடி பையை விட்டு வெளியே வந்தது. திரும்பி வந்து, சுற்றிலும் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருக்கும்போது சொன்னார்: “கோடு வளஞ்சிருக்கு ஆச்சி. இது ஃபேக்டரிக் கல்லு.”

அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். வெர்னோய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், பொடியை நெருப்பில் உருக்கிச் சிவப்புக்கல் வளர்க்கும் முறையை 1902இல் அறிவித்தார். 1910 வாக்கில் அதே முறையில் நீலமும் வந்துவிட்டது. அப்படி வளர்த்த கல்லுக்குள் வளர்ச்சிக் கோடுகள் வளைந்து போகும். மண்ணுக்குள் விளைந்த கல்லில் நேராகப் போய் மூலையில் மடங்கும். ஆகவே நூறு வருஷப் பழைய மோதிரத்திலும் ஃபேக்டரிக் கல் இருக்கலாம். எல்லாம் சரி. ஆச்சி மோதிரத்தை விற்க வரவில்லை. அடகு வைக்க வரவில்லை. விலை கேட்கவில்லை. கல்யாணச் சாப்பாடு சாப்பிட வந்தார். சாயங்காலம் பார்த்தபோது அந்த விரலில் மோதிரம் இல்லை.

பஸ்ஸில் கேட்டேன். “உண்மையத்தான மாப்ள சொன்னேன்” என்றார். அந்த உண்மைக்கு அங்கே யாரும் டோக்கன் வாங்கிக் காத்திருக்கவில்லை. கேட்காத இடத்தில் போய்க் கல்லுக்குத் தீர்ப்புச் சொல்கிறவர்களை எந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை. அன்றோடு கடைகளுக்கு அவர் கூடப் போவதை நிறுத்திவிட்டேன். ஈடு வைக்க ஆள் இல்லாததால் கடைக்காரர்களும் மோதிரத்தை வெளியே விடுவதில்லை. தேடல் அப்படியே நிற்கிறது.

இதற்கு நடுவில் அக்கா ஒரு வேலை செய்தாள். ஒரு நாள் ராத்திரி ஏழரை மணிக்கு, கரண்ட் போய் இன்வெர்ட்டர் எரிகிற நேரத்தில், அத்தான் தலைவைத்தும் படுக்காத வடக்கு வரிசைக் கடை ஒன்றில், காய்கறிப் பையோடு ஏறிப் பத்தே நிமிடத்தில் ஒரு பழைய மோதிரத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். சின்ன நீலக்கல், ஓரத்தில் லேசாகப் பொரிந்திருக்கிறது. அத்தான் பதறிப்போய், “என்ன கல்லு அது?” என்று கேட்டார். “நீலக் கல்லு” என்றாள்.

கழற்றித் தரச் சொல்லி எவ்வளவோ கேட்டுப் பார்த்துவிட்டார். “பாக்குறதுன்னா கையில இருக்கும்போதே பாத்துக்கங்க” என்கிறாள். காலை பத்து மணிக்கு அக்கா மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போவது வழக்கம். இப்போதெல்லாம் அத்தானும் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே மாடியேறுகிறார். வேட்டியைப் பிழிந்து உதறிக் கொடுக்கிறார், கிளிப் எடுத்துக் கொடுக்கிறார், கொடிக்குக் கை போகும்போதெல்லாம் ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார். கல் இன்னதென்று இன்னும் தீர்ப்பாகவில்லை. அக்காவுக்கும் அவசரமில்லை, கல்யாணமான நாளிலிருந்து இந்த ஈரத்துணி பக்கெட்டை அவள்தான் தூக்கிக்கொண்டிருந்தாள்.