எழாமை இயல்: பழைய டெஸ்க்டாப் குறித்து ஒரு பூர்வாங்க ஆய்வு

பழைய டெஸ்க்டாப் ஆன் ஆகாதது பற்றிச் சாட்சியம் சேகரிக்கப் போகும் ஆய்வாளருக்கு எல்லா ஊரிலும் கிடைப்பது ஒரே வாக்குமூலம்தான்: “நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு.” அடுத்து வருவது, “நான் எதையும் தொடவே இல்லை.” ஆய்வுலகம் இவ்விரண்டையும் மறுப்பதில்லை, பொருட்படுத்துவதும் இல்லை.

இவ்வாய்வுக்கு உகந்த களம், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடை. விண்டோஸ் எக்ஸ்பியை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே கைகழுவிவிட்டது. ஆனால் பழைய தமிழ் எழுத்துருக்களும் பேஜ்மேக்கர் ஃபைல்களும் அந்த ஒரு பெட்டியில்தான் ஒழுங்காகத் திறக்கும். ஆவணி முகூர்த்த நெருக்கடியில் அது எழ மறுத்தால், தாய்மாமன் பெயர் எந்த வரியில் வர வேண்டும் என்ற வழக்கு தீர்ப்பின்றி ஒத்திவைக்கப்படும்.

எழாமை மூவகைப்படும். விசிறியே சுற்றாதது உறக்கம். விசிறி சுற்றியும் திரை கறுப்பாகவே இருப்பது மயக்கம். திரை வந்து, எஃப்1 அழுத்தினால்தான் மேலே போவேன் என்று நிற்பது பிடிவாதம். கடைசியதை விரைவாகக் கடந்துவிடலாம். மதர்போர்டில் நாணயம்போல் படுத்திருக்கும் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துவிட்டது, அவ்வளவே. 3 வோல்ட் தர வேண்டியது அது. தராதபோது பெட்டி தன் பிறந்த வருடத்துக்கே திரும்பிப்போய், இன்று ஜனவரி 1 என்று சாதிக்கும்.

உறக்கத்துக்குச் சுவிட்ச் போர்டு, ஸ்பைக் பஸ்டர், பெட்டிக்குள் மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் என்று வரிசையாகச் சந்தேகப்பட வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்கப் பெரிய கனெக்டரில் உள்ள பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் ஜெம் கிளிப்பால் இணைப்பது சர்வீஸ் பையன்களின் மரபு. விசிறி சுற்றினால் “சப்ளை நல்லாயிருக்கு” என்று தீர்ப்பளிப்பார்கள். இதை நாம் ஏற்பதற்கில்லை. விசிறி சுற்றுவதால் 12 வோல்ட் ஏதோ வருகிறது என்று தெரியுமே தவிர, 5-ம் 3.3-ம் சுமை ஏறும்போது நிற்குமா என்று தெரியாது. மார்கழிக் காலையில் அடம்பிடித்து, நாலைந்து முறை போட்டு அணைத்தபின் ஓடும் பெட்டி தனி ரகம். அதில் கெபாசிட்டர்கள் மூத்துவிட்டன. சூடேறினால்தான் வேலை செய்யும். மேல்தலையில் சிலுவைபோல் கீறியிருக்கும் அந்தச் சிறு உருளைகள் தட்டையாக இருக்க வேண்டும். உப்பி, பழுப்பாகக் கசிந்திருந்தால் ஆய்வை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

மயக்கமே இவ்வியலின் சாரம். இதில் இரு பள்ளிகள் உண்டு. தட்டல் பள்ளியினர் பெட்டியின் விலாவில் ஒரு அடி வைப்பர். தளர்ந்த இணைப்பு அதிர்ச்சியில் ஒட்டிக்கொள்வதால் சில சமயம் பலிக்கவும் செய்கிறது. ஆனால் உள்ளே நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் ஹார்ட் டிஸ்க் தட்டின்மேல், தலைமுடியின் தடிமனைவிடப் பன்மடங்கு குறைந்த இடைவெளியில் அதன் முனை மிதக்கிறது. இந்தப் பள்ளி தடை செய்யத்தக்கது.

இரண்டாவது, ரப்பர் பள்ளி. ராமைக் கழற்று, பென்சில் ரப்பரால் தேய், மாட்டு: மூன்றே சூத்திரம். டிடிஆர்2 ராமின் அடியில் பக்கத்துக்கு 120 வீதம் 240 பொன்முலாம் பட்டைகள் உண்டு. தூசும் ஈரமும் கைப்பிசுக்கும் அவற்றின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஏடாகப் படிகின்றன. பகலில் சூடேறி விரிந்து, இரவில் ஆறிச் சுருங்கி, ராம் தன் பள்ளத்திலிருந்து மயிரிழை நகர்ந்தும்விடும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பிளோயர் அடித்த பெட்டி மறுநாள் பொட்டோடும் மாலையோடும் மௌனம் சாதிப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். சரஸ்வதி கோபம் அல்ல. மென்மையான வெள்ளை ரப்பரே ஏற்றது. மை அழிக்கும் சொரசொர முனையால் தேய்த்தால் அழுக்கோடு பொன்னும் போய்விடும். துகளை ஊதித் தள்ளாமல் பிரஷ்ஷால் துடைத்து, பள்ளத்துக்கு நேராக வைத்து, இரு முனைக் கிளிப்பும் டக்கென்று தாமாகப் பூட்டும்வரை அழுத்த வேண்டும். பிறகு ஒரே ஒரு குட்டை பீப் கேட்டால் பெரும்பாலும் நலம். கீ... கீ... என்று நீட்டி அழுதால் மறுபடி கழற்றுக.

சர்வீஸ் பையன் வந்து கை வைத்ததுமே எழுந்துவிடும் பெட்டிகளைப் பற்றியும் ஒரு சொல். இதைக் கைராசி என்பர். உண்மையில் அவர் முதல் வேலையாகப் பவர் கார்டைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைப் புரட்டுகிறார். பெட்டியை அணைத்த பிறகும் ஊதா வயரில் தங்கி நிற்கும் 5 வோல்ட் அப்போது வடிகிறது. குழம்பிக் கிடந்த போர்டு புதிதாகத் தொடங்குகிறது. கார்டைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் அதே கைராசி உங்களுக்கும் வரும்.

ஆக, ரப்பரானாலும் ராசியானாலும் நடப்பது ஒன்றே: கழற்றி மாட்டல். மற்றதெல்லாம் உரை. பெட்டி எழுந்தவுடன் முதல் வேலையாக ஃபைல்களைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். சைடு கவரின் திருகுகளை மட்டும் அன்றைக்கே முடுக்கிவிடாதீர்கள்.