பந்தியில் தூங்குற சம்பந்தி

ஏ தாயி, அந்தப் போனை அங்கிட்டு வை. "எம்புள்ள சமத்து, அஞ்சு மணி நேரமாச்சு, ஒரு சிணுங்கல் இல்ல"ன்னு ஊருக்கெல்லாம் படம் அனுப்புறியே, பொறந்து ஆறு நாளானவனுக்கு என்ன சமத்து? ஒன் தாத்தாவும் சமத்துதான். மடத்துத் திண்ணையில சாஞ்சாருன்னா இடி விழுந்தாலும் அசைய மாட்டாரு. ஆனா கறிக்கொழம்பு வாசத்துக்கு மட்டும் எந்திரிச்சு உக்காந்துருவாரு. இவனுக்கு அந்த வெவரம் இன்னும் வரல. பசிச்சா எந்திரிப்பான்னு காத்திருந்தா, குடிக்காத சோர்வுல இன்னும் அசந்துதான் தூங்குவான்.

நர்ஸம்மா என்ன சொல்லிட்டுப் போச்சு? ராவும் பகலும் சேத்து 8 தடவைக்குக் கொறையாம குடிக்கணும், 12 ஆனாலும் ஆகும். 3 மணி நேரம் தாண்டுனா எழுப்பிரு. பொறந்தப்ப இருந்த எடை திரும்புற வரைக்கும், ஒரு ரெண்டு வாரம், இதான் பாடு.

எழுப்புறதுக்கு மேளமா வேணும்? பொரிகடலை மூட்டையாட்டம் சுத்தி வச்சிருக்கியே, அந்தக் கதகதப்புல யாருக்குத்தான் முழிப்பு வரும்! துணியை அவுரு. ஈரத்துணியை மாத்து. ஒன் நெஞ்சுல வெறும் மேலோட போட்டுக்க. உள்ளங்காலைப் பெருவெரலால தேய். ரெண்டு வாய் குடிச்சிட்டுக் கண்ணைச் சொருகுவான், எலையில சோறு வச்சதும் ஒறங்கிப்போற சம்பந்தி மாதிரி. சம்பந்தியைத் தட்டுனா சண்டை வரும், இவனைத் தட்டலாம். தோள்ல போட்டு ஏப்பம் எடுத்துட்டு அடுத்த பக்கம் குடு. நான் கால்ல போட்டுக் குளிப்பாட்டுன அன்னைக்கு இன்னும் உசாரா இரு, அடிச்சுப்போட்டாப்புல கெடப்பான்.

ஒன் அப்பன் பொறந்தப்ப சீம்பாலைப் பீச்சிக் கீழ ஊத்திட்டுச் சேனை வச்ச வீடுதான் இது. யாரு வைக்கிறாங்களோ அவுக கொணம் வரும்னாங்க. வச்சது எங்க மாமியா. வந்துச்சு, இன்னைய வரைக்கும் நாந்தான் அனுபவிக்கிறேன். இவனுக்குத் தேனும் வேணாம், கழுதைப்பாலும் வேணாம். 6 மாசத்துக்குத் தண்ணிகூடக் கெடையாது. எதுத்த வீட்டுக்காரி வசம்பு கொண்டாந்தா, கைக்குக் கட்டுற வளையலோட நிறுத்திக்க.

அதென்ன பிரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்க, டைம் டேபிளா? ஒன்னையப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்ப ஒரு செம்புத் தண்ணி செலவாகும் எனக்கு. நீ போட்ட மணிக்கணக்குக்கு இவன் நடப்பானாக்கும்? வாயைத் தெறந்து தேடுறானா, கையைச் சப்புறானா, அதான் மணி. வீறிட்டு அழுதா மணி தாண்டிப்போச்சுன்னு அர்த்தம். பகல்ல சன்னலைத் தெறந்து போட்டுப் பேசு, சிரி, பாத்திரத்தை உருட்டு. ராத்திரியில சின்ன வெளக்கு, பேச்சில்லாம பாலைக் குடுத்துப் படுக்கப் போடு. எது பகலு எது ராவுன்னு பழகவே அவனுக்குச் சில வாரம் புடிக்கும்.

ஒண்ணு மட்டும் வெளையாட்டில்ல. ஒரு நாளைக்கு 6 துணியாவது நனையணும். நனையல, கண்ணு மஞ்சளா இருக்கு, என்ன செஞ்சும் முழிக்கல, குடிக்கலைன்னா, எங்கிட்ட வைத்தியம் கேட்டுக்கிட்டு நிக்காத. ஆட்டோவைக் கூப்புடு, ஆஸ்பத்திரிக்குப் போ.

ஞாயித்துக்கெழம மாப்பிள்ளை வருவாருல்ல? ஏப்பம் எடுக்குற வேலை அவருக்கு. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோட வரச் சொல்லு. மத்ததை இவன் பாத்துக்குவான்.