ஒரு பட்டாணி

வாடி பொண்ணே, மூஞ்ச இப்புடித் திருப்பு. எதுக்கு துப்பட்டாவ முக்காடு போட்டுக்கினு வர? பஸ் ஸ்டாண்டுலேர்ந்து ஊட்டுக்கு வர்றதுக்குள்ள எவன் பாத்துடப் போறான்? எடு, பாக்கறன்.

அடி ஆத்தே! வாயோரம் பாம்பு சட்ட உரிச்சாப்புல தொங்குது. மூக்கு மடிப்புல மொளகாத்தூள் அப்புனாப்புல செவப்பு. பருவுக்கு டாக்டரு குடுத்த கிரீமு மூஞ்சியப் பாழாக்கிடிச்சுன்னு அழுவுறியா? கிரீமு ஆக்கல. நீதான் ஆக்குன.

எத்தினி நாளா போடற? ஒம்போது நாளா, தெனமும். எம்மாம் எடுக்கற? ஆள்காட்டி வெரலு நீளத்துக்கு. நல்லாருக்கு. முன்னல்லாம் தோலு நோவுன்னா முண்டியம்பாக்கம், பாண்டிச்சேரி ஜிப்மருன்னு பஸ்ஸு மாறி ஓடணும். 2022-ல கள்ளக்குறிச்சியிலயே மெடிக்கல் காலேஜு வந்துடுச்சு. இவ்வளவு கிட்டக்கப் போயிட்டு வந்தும் டாக்டரு சொன்னது வழியிலயே கொட்டிப்போச்சு. நானுந்தான் பக்கத்துல குந்தியிருந்தன். "மூஞ்சி முழுக்கச் சேத்து ஒரு பட்டாணி அளவு, மொதல்ல வாரத்துக்கு ரெண்டு ராத்திரி"ன்னு அவரு சொன்னது இந்தக் கெழவியோட மந்தக் காதுல உழுந்துச்சு. படிச்ச காதுல உழல. பட்டாணின்னா சுண்டலுக்கு ஊறப்போட்டு ஊதிப்போனதுன்னு நெனச்சியா? காஞ்ச பட்டாணிடி! பேருலயே உளுந்த வெச்சிருக்கற ஊர்ல பொறந்துட்டு அளவு தெரியலன்னா வெளிய சொல்லாத.

உங்க தாத்தா ஒரு வருசம், பக்கத்துக் கொல்லக்காரன் பயிர விட நம்ம பயிரு பச்சையா நிக்கணும்னு யூரியாவ ரெண்டு பங்கு எறச்சாரு. நாலே நாளு. நுனியெல்லாம் கருகி நின்னுச்சு. கேட்டா, உரக்கடக்காரனத் திட்டுனாரு. நீ அவரு பேத்திதான், சந்தேகமே இல்ல.

அது வைட்டமின் ஏ-வோட பங்காளி மருந்து, ட்ரெட்டினாயின். 0.025 சதவீதந்தான் குடுத்திருக்காரு, கம்மி அளவுதான். கம்மின்னு ஏமாந்துடாத. தோலு அடியில மொளச்சு மேல வந்து உதிர ஒரு மாசம் போல ஆவும். இது பின்னாலேர்ந்து தள்ளி அத வெரசா அனுப்புது. மயிர்க்கால்ல எண்ணெயும் செத்த தோலும் அடச்சுக்கினு இருக்குதே, அதத் தொறந்து உடுது. உள்ள இருந்ததெல்லாம் கெளம்பி வர்றப்ப பருவு மொதல்ல கூடுனாலும் கூடும். பங்காளி ஊட்டுக்குள்ள வந்தா மொத ஆறு வாரம் சண்டதான். அப்பறம் ஒரே தட்டுல சாப்புடுவான்.

இப்ப என்னா பண்ணணும்? டாக்டருக்குப் போனு போடு. இந்தப் புண்ணு ஆறுற வரைக்கும் மருந்தத் தொடாத, வெறும் மாய்ஸ்சரைசர் போதும். ஆறுனப்பறம் ராத்திரி மூஞ்சியக் கழுவி, தொடச்சு, அர மணி நேரம் சும்மா குந்து. ஈரத்துல போட்டா எரியும். மொதல்ல மாய்ஸ்சரைசர், அதுக்கு மேல ஒரு பட்டாணிய நெத்தி, கன்னம், தாவாங்கட்டன்னு புள்ளி வெச்சுத் தடவு. கண்ணோரம், வாயோரம், மூக்கு மடிப்பு பக்கம் போவாத. அங்க வேணும்னா வேசலின் வெச்சுக்க. தோலு தாங்குனா சில வாரம் கழிச்சு ஒருநா உட்டு ஒருநா. தெனமும் போடறதெல்லாம் அப்பறந்தான். நான் பயத்தமாவு போட்டு வறட்டு வறட்டுன்னு தேய்க்கச் சொன்னனே, அது வேணாம். எலுமிச்சம்பழமும் வேணாம். பார்லர்ல மூஞ்சிக்கு வேக்ஸிங்கும் வேணாம், தோலோட வந்துடும். என் வைத்தியத்த நானே வாபஸ் வாங்கறன், எழுதி வெச்சுக்க.

பகல்ல சன்ஸ்கிரீன். புரட்டாசி வெயிலு பொன்னுருகக் காயும்னு சும்மாவா சொன்னாங்க? டோல்கேட்டு பக்கம் மத்தியானம் வண்டியில போயி நின்னு பாரு, பொன்னு வேணாம், நீயே உருகிடுவ.

இந்த ட்ரெட்டினாயினு பருவுக்குக் கேக்கும்னு கண்டுபுடிச்சது அமெரிக்காவுல கிளிக்மன்னு ஒருத்தருன்னு நீதான படிச்சுச் சொன்ன? 1971-ல அங்க பருவுக்குன்னு அனுமதி குடுத்தாங்களாம். அதுக்கு முன்ன பிலடெல்பியா ஜெயில்ல கைதிங்க தோல்ல தடவிப் பாத்தாராம். அந்தப் பாவக்கணக்கு தனி. பருவுக்குப் போட்ட பொம்பளைங்க சிலரு, சுருக்கமும் கொறையுதுன்னாங்களாம். அதக் கேட்டப்ப எனக்கு மட்டும் காது நல்லாவே கேட்டுச்சு.

இத நிறுத்திட்டு, மேலத்தெரு பொண்ணு போட்ட செவப்பழகு கிரீமு வாங்கலாம்னு மட்டும் நெனக்காத. டாக்டரு சீட்டே இல்லாம கடயில வாங்குனா. பத்து நாள்ல பளபளன்னு ஆனா. இதே மருந்தோட வெளுப்பு மருந்தும் ஸ்டீராய்டும் கலந்தது அது. மாசக்கணக்காப் போட்டா. இப்ப வெயில்ல நின்னாலே மூஞ்சி தீயா எரியுது, கன்னத்துல பூனமுடி வேற. நிறுத்துனா இன்னும் பொங்குது. அந்த மூனு கலப்புக்கும் மூலம் 1975-ல அதே கிளிக்மன் எழுதுனதுதான். ஸ்டீராய்டு கிரீம சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு 2018-ல சட்டத்த இறுக்குனாங்க. கடக்காரனுக்கு அன்னைக்குப் பேப்பரு வரல போல.

தையில கல்யாணம். வெக்கப்படாமக் கேளு: வயித்துல ஒன்னு தங்கறதுக்கு நெனச்சாலே டாக்டருகிட்ட சொல்லி இந்தப் பருவு மருந்த நிறுத்திடணும். மாப்ளகிட்டயும் சொல்லி வை.

தை பொறக்க இன்னும் 14 வாரம் கெடக்கு. நீ பண்ணுன புண்ணு ஆற ரெண்டு வாரம் போனாலும், பருவு அடங்க வேண்டிய 12 வாரம் சரியா இருக்கு. அந்த டியூப இப்புடிக் குடு. இனிமே அது என் டிரங்குப் பொட்டியில இருக்கும். புண்ணு ஆறுனதும் செவ்வாக்கெழம, வெள்ளிக்கெழம ராத்திரி வந்து கையக் காட்டு, ஒரு பட்டாணி வெக்கறன். டியூபு ஏன் சீக்கிரம் எளைக்குதுன்னு மட்டும் என்னக் கேக்காத.