டியர்னா வெல கூடுதல், பேராண்டி

வாடா பேராண்டி, பெட்டி கட்டியாச்சா? ஒங்கம்மா பருப்புப் பொடி வச்சாளா? சரி, நாட்டிங்காம் போறவனுக்கு நாலு வார்த்த சொல்லணும், உக்காரு. சிரிக்காத. பிரிஸ்டல்ல ஒங்க அத்தை வீட்டுல ஆறு மாசம் குளிர்ல கெடந்து வந்தவன் நான். நீ இன்னும் பிளேனே ஏறல.

போன மூணாம் நாளு, வேட்டிக்கு மேல ஒங்க மாமனோட கோட்டு, தலையில கொரங்குக் குல்லா. முட்டைக்கோசு வாங்கப் போனேன். கடைக்காரிக்கு அறுவது வயசிருக்கும். மிச்சச் சில்லறைய உள்ளங்கையில வச்சுட்டு, ‘மை லவர்’னுட்டா. எழுவத்திரண்டு வயசுல எனக்குக் காது சுட்டுப்போச்சு. கோச அங்கயே விட்டுட்டு ஓடியாந்துட்டேன். மறுநா, இருக்குற நாலு முடியச் சீவிக்கிட்டுப் போறேன், எனக்கு முன்னால நின்ன லாரி டிரைவரையும் ‘மை லவர்’ங்கிறா! அந்த மீசக்காரப் பயலும் பதிலுக்கு ‘மை லவர்’ங்கிறான். அந்தச் சீமையில அது நம்ம ‘வாங்கண்ணே’ மாதிரியாம். அத்தோட போச்சு.

நீ போற ஊருல ‘டக்’ம்பாங்க. வாத்து! சொரங்கத்துல கரி வெட்டுன ஆம்பளைங்களே ஒருத்தன ஒருத்தன் ‘ஏ அப், மி டக்’னு கூப்புட்டுக்கிட்ட ஊரு அது. கிளாஸ்கோவுல பொம்பளைங்கள ‘ஹென்’ம்பாங்க, கோழி. ஒன்னப் பாட்டி பத்து வயசு வரைக்கும் எலிக்குஞ்சுன்னு கூப்புட்டாளே, அதவிட இது கேவலமில்ல.

இதெல்லாம் பொழச்சுக்கலாம். வில்லங்கம் புடிச்சது ‘டியர்’தான். பழைய இங்கிலீசுலருந்தே அதுக்கு ரெண்டு மொகம்: உசுருக்கு உசுரானது, வெல ஒசந்தது. நாமளுந்தான் ‘அரும மக’ங்கிறோம், ‘தண்ணி அரும’ங்கிறோம். ‘டார்லிங்’கும் அது பெத்த பிள்ளதான். வாத்துக்குஞ்சுக்கு ‘டக்லிங்’னு ஒட்டுற அதே வாலத்தான் இதுலயும் ஒட்டிருக்கான். அதனால கடையில கத்திரிக்காய் டியர்னு எவனாவது சொன்னா பையச் சுருட்டிக்கிட்டு நடையக் கட்டு.

காகிதத்துல வந்தா அதுல பாசம் தேடாத. அடமானம் வச்ச நகைய ஏலம் போடப்போறோம்னு எனக்கு வந்த நோட்டீசும் ‘டியர் சார்’னுதான் ஆரம்பிச்சது. அம்புட்டுப் பிரியம்!

வாயில வந்தா இன்னும் கவனம். 2011 ஏப்ரல்ல பார்லிமெண்டுல, பிரதமர் டேவிட் கேமரன், எதிர்க்கட்சி ஏஞ்சலா ஈகிளப் பாத்து ‘காம் டவுன், டியர்’னுட்டாரு. இன்சூரன்ஸ் விளம்பரத்துல வந்த வசனமாம், வேடிக்கைக்குச் சொன்னாராம். நம்ம பக்கம் ‘சும்மா கெட தாயி’ங்கிற மாதிரிதான? பொம்பளைய மட்டந்தட்டுற பேச்சு, மன்னிப்புக் கேளுன்னு எதிர்க்கட்சி கெளம்பிருச்சு. பிரதமருக்கே அந்தக் கதி. நீ எம்மாத்திரம்?

மேல இருக்கவன் கீழ பாத்து டியர்னா தட்டிக்குடுக்குறான், இல்லாட்டி தட்டி வைக்கிறான். கெழவி சொன்னா பிரியம். ஒன்ன மாதிரி எளவட்டம் தெரியாத பொண்ணுக்குச் சொன்னா வழியல். இங்க நம்ம பயலுக மொகந்தெரியாத பொண்ணுக்கெல்லாம் ‘ஹாய் டியர்’னு செல்லுல தட்டி விடுறானுகளே, அந்தப் பழக்கத்த ஏர்போர்ட்டுலயே கழட்டிப் போட்டுட்டுப் போ. வாத்தியாரம்மாவுக்குக் கடுதாசி எழுதுனா டியர் போடு, பேரோட போடு. நேர்ல பாத்தா பேரு மட்டும் போதும். கடைக்காரக் கெழவி டக்குன்னா சிரிச்சுட்டு, சில்லறைய எண்ணிப் பை‌யில போடு.

போ, பஸ்ஸு வந்துரும். எறங்குனதும் போன் போடு. அந்தக் கோசு சமாச்சாரம் மட்டும் ஒம் பாட்டி காதுக்குப் போகக் கூடாது.