மைனர் சாமி

நம் சட்டத்துக்கு யாரிடமும் பயமில்லை. ஈரேழு உலகத்தையும் ஆள்பவராகவே இருக்கட்டும். கோர்ட்டுப் படியேறினால் அவர் மைனர். சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்கும் போடலாம். கையெழுத்துக்கு மட்டும் ஒரு பெரியவர் கூட வர வேண்டும். பத்தூர் கோயில் இப்படித்தான் லண்டன் வரை போய் வழக்காடி, 1991-இல் தன் நடராஜரை மீட்டது. சமர்த்துப் பிள்ளை.

எனக்கு ஒரே குறை, இவ்வளவு நல்ல சட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டார்கள். மைனர் லைசென்ஸ் இல்லாமல் காளை, மயில், மூஞ்சூறு என்று நாலு வீதியும் சுற்றுகிறார். போலீஸே முன்னால் வழிவிலக்கிக் கொடுக்கிறது. சித்திரைதோறும் மதுரையில் மைனர் மாப்பிள்ளைக்குத் திருக்கல்யாணம். 2006-ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டமோ ஆணுக்கு 21 வயது கேட்கிறது. தடுக்க வேண்டிய அதிகாரி முன்வரிசையில், கையில் மொய்க் கவர்.

மைனரோடு போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று 1903-லேயே பிரிவி கவுன்சில் சொல்லியாயிற்று. அப்படியானால் பழனிக்கு நான் நேர்ந்துகொண்ட மொட்டை? மூன்று வருடப் பாக்கி. வக்கீலிடம் ஓடினேன்.

“செல்லவே செல்லாது சார்” என்றார். அவர் தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை.